ஒன்பது மணி சீரியலைத் தவறவிடாமல் பிடிக்க: செட்டாப் பாக்ஸ் ரெக்கார்டிங்

ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்டு முடித்து வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும். ராயக்கோட்டை மண்டிக்கு விடியற்காலையில் தக்காளி ஏற்ற வேண்டியவர் எட்டரைக்கே படுத்துவிடுவார். இரண்டு பேருக்கும் ஒன்பது மணி சீரியல் கிடையாது. செல்போன் ஆப்பில் பார்க்கலாமே என்றால், மலையோரக் கிராமங்களில் படம் வருவதற்குள் வட்டம் சுற்றியே டேட்டா தீர்ந்துவிடும். செட்டாப் பாக்ஸில் பதிந்து வைக்கும் பழைய வழி இவர்களுக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது.

கடையில் "டிவிஆர் இருக்கா?" என்று கேட்காதீர்கள். தருமபுரியிலும் சரி, கிருஷ்ணகிரியிலும் சரி, அந்தப் பெயருக்குக் கண்காணிப்பு கேமராவின் பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். "ரெக்கார்டிங் உள்ள செட்டாப் பாக்ஸ்" என்று கேட்டால் விஷயம் சரியாகப் போய்ச் சேரும்.

முதலில் வீட்டில் இருக்கும் பாக்ஸைப் பாருங்கள். பின்பக்கம் யூஎஸ்பி ஓட்டை இருப்பதாலேயே அதில் பதியலாம் என்று அர்த்தமில்லை. பல கேபிள் பாக்ஸ்களில் அது சாஃப்ட்வேர் ஏற்ற மட்டும். ரிமோட்டில் சிவப்புப் புள்ளியோடு 'ரெக்' பட்டன் இருக்கிறதா, மெனுவில் 'பிவிஆர்' அல்லது 'ரெக்கார்டிங்' என்று பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஆபரேட்டரிடம் ரெக்கார்டிங் உள்ள மாடல் கேட்டு மாற்றுவதுதான் வழி. டிவியின் பின்னால் உள்ள யூஎஸ்பியில் செருகிப் பயனில்லை. எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தை டிவி பதியாது.

டிடி ஃப்ரீ டிஷ் பாக்ஸில் பதிந்த இலவசச் சேனல்கள், டிடி தமிழ் போன்றவை, பெரும்பாலும் பூட்டில்லாத கோப்பாக வரும். கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ நிரலில் போட்டால் ஓடும். கட்டண டிடிஎச் பாக்ஸில் கதை வேறு. பதிந்தது அந்தப் பாக்ஸோடு பூட்டப்பட்டிருக்கும். பாக்ஸ் பழுதாகி மாற்றினால் பதிந்தவை அத்தனையும் போச்சு. ரீசார்ஜ் முடிந்தாலும் பல பாக்ஸ்கள் பழைய பதிவைத் திறக்காது. ஆகவே கட்டண பாக்ஸில் பதிவது அந்த வாரத்திலேயே பார்த்து முடிக்க. பேரன் பேத்திக்குச் சேர்த்து வைக்க அது இடமில்லை.

எத்தனை ஜிபி வேண்டும்?

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: சேனல் நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வந்தால், ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. சாதாரணச் சேனலை 3 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 1.35 ஜிபி. எச்டி சேனலை 7 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 3.15 ஜிபி. அரை மணி சீரியலுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் சேர்த்து 38 நிமிடம் பதிகிறோம் என்றால், சாதாரணச் சேனலில் ஒரு எபிசோடு சுமார் 0.86 ஜிபி, எச்டியில் 2 ஜிபி. திங்கள் முதல் சனி வரை 6 எபிசோடுக்கு முறையே 5 ஜிபி, 12 ஜிபி. ஒரு சீரியல் மட்டும் என்றால் 32 ஜிபி பென் டிரைவே தாராளம். வீட்டில் மூன்று பேருக்கு மூன்று சீரியல், அதுவும் எச்டி என்றால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போங்கள்.

64 ஜிபி, 128 ஜிபி பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்தில் வருகின்றன. நிறைய பாக்ஸ்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. செருகியதும் ஒன்றும் செருகாதது போலவே இருக்கும். பென் டிரைவ் கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓட வேண்டாம். பாக்ஸ் மெனுவிலேயே 'ஃபார்மட்' இருந்தால் கொடுங்கள். உள்ளே இருக்கும் கல்யாண போட்டோ எல்லாம் அழியும் என்பதால் முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். ஃபேட்32 வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. மேலே சொன்ன எச்டி கணக்கில் அது சுமார் 80 நிமிடம். மூன்று மணி நேரப் படம் மூன்று துண்டாக வந்தால் பதறாதீர்கள். நல்ல பாக்ஸ் தானாகவே வரிசையாக ஓட்டும். சில பழைய பாக்ஸ்கள் 4 ஜிபியோடு நின்றுவிடும். அவற்றில் எச்டி படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக டைமர் பிரித்து வையுங்கள்.

சந்தையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் '1 டிபி' பென் டிரைவ் போலி. உள்ளே 8 ஜிபியோ 16 ஜிபியோ இருக்கும், அதற்கு மேல் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். முதல் வாரம் அருமையாக ஓடி, அடுத்த வாரம் கோப்புப் பெயர் மட்டும் இருந்து படம் வராவிட்டால் இதுதான் காரணம். கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலைக் கொண்டு முழுதும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

வெளி ஹார்ட் டிஸ்க் செருகி 'டிக்... டிக்' என்று சத்தம் வந்து நின்றால் மின்சாரம் பற்றவில்லை. யூஎஸ்பி 2.0 ஓட்டை தருவது 500 மில்லி ஆம்பியர். சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகம் இழுக்கும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் நடுவில் போட்டால் தீரும்.

டைமர் வைப்பது

ரெக்கார்டிங் தவறுவதற்கு முதல் காரணம் சுவர் ஸ்விட்ச். பதிய டிவி ஓட வேண்டியதில்லை, பாக்ஸ் ஓடினால் போதும். ஆனால் நம் வீடுகளில் இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருக்கும். "கரண்ட் வீணாகுது" என்று பெரியவர் ஒருவர் மெயினை அணைத்துவிட்டுப் போவார். டைமரும் அதோடு அணைந்தது. பாக்ஸுக்குத் தனி ஸ்விட்ச் கொடுங்கள். அதன் மேல் செல்லோ டேப் ஒட்டி 'அணைக்காதே' என்று எழுதுங்கள். ரிமோட்டில் ஸ்டாண்ட்பை வைத்தால் டைமர் நேரத்தில் பாக்ஸ் தானே விழிக்கும்.

அடுத்தது கடிகாரம். பாக்ஸ் காட்டும் நேரத்தைச் செல்போனோடு ஒப்பிடுங்கள். ஃப்ரீ டிஷ் பாக்ஸ்களில் நேர மண்டலம் +5:30 என்று வைக்காமல் பூஜ்யத்தில் இருந்தால், நம் இரவு 9:00 அதற்குப் பிற்பகல் 3:30. நீங்கள் 9:00க்கு வைத்த டைமர் நள்ளிரவு தாண்டி 2:30க்கு ஓடும். காலையில் ஆசையாகத் திறந்தால் வலிநிவாரணி எண்ணெய் விளம்பரம் அரை மணி நேரம் இருக்கும்.

நிகழ்ச்சி அட்டவணையில் பெயரைத் தேர்ந்து 'ரெக்' அழுத்துவது சுலபம். ஆனால் சேனல் இரண்டு நிமிடம் தாமதித்தால் கடைசி இரண்டு நிமிடம் போகும். சீரியலில் அந்தக் கடைசி அரை நிமிடம்தான் எபிசோடே: கதவு திறக்கிறது, யாரோ உள்ளே வருகிறார், மாமியார் முகத்தில் மூன்று தடவை கேமரா பாய்கிறது, வந்தவர் முகம் தெரிவதற்குள் பதிவு முடிந்துவிட்டது. ஆகவே கையால் டைமர் வையுங்கள்: தொடக்கம் 8:58, நீளம் 38 நிமிடம். 'தினமும்' என்று வைத்தால் ஞாயிறும் பதிந்து இடத்தை அடைக்கும். கிழமை தேர்ந்தெடுக்க வழி இருந்தால் திங்கள் முதல் சனி.

ஒரே ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) உள்ள பாக்ஸில், முன்னும் பின்னும் சேர்த்த இந்தக் கூடுதல் நிமிடங்கள்தான் மோதலைக் கொண்டுவரும். முதல் பதிவு 9:36 வரை, அடுத்த சேனலின் 9:30 சீரியல் 9:28க்குத் தொடக்கம் என்றால் இரண்டில் ஒன்று விழும். இரண்டும் ஒரே சேனல் என்றால் இரண்டு டைமர் வேண்டாம், 8:58 முதல் 10:06 வரை ஒரே பதிவாக எடுங்கள். வேறு வேறு சேனல் என்றால் முதலாவதை 9:31க்கு முடித்து இரண்டாவதை 9:31க்குத் தொடங்குங்கள். அடுத்த சீரியலின் முதல் நிமிடத்தில் முன்கதையும் டைட்டில் பாட்டும்தானே போகும், போகட்டும். ஓசூர்ப் பக்கம் அம்மாவுக்குத் தமிழ், மருமகளுக்குக் கன்னடம், பக்கத்துப் போர்ஷன் அக்காவுக்குத் தெலுங்கு என்று ஒரே பாக்ஸில் எட்டிலிருந்து பத்து வரை நெரிசலாக இருக்கும். அங்கே இரண்டு ட்யூனர் பாக்ஸ்தான் சரி. அதற்கு டிஷ்ஷிலிருந்து இரண்டு ஒயர் வர வேண்டியிருக்கும், டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கம்பியில் சிக்னலை வாங்கும் எல்என்பியும் இரண்டு வாய் உள்ளதாக மாற்ற வேண்டும்.

'மகா சங்கமம்' வாரத்தை மறக்காதீர்கள். இரண்டு சீரியலை ஒன்றாக்கி ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள், நேரம் மாறும். முன்கூட்டியே புரோமோ வரும். அதைப் பார்த்ததும் டைமரைத் திருத்துங்கள்.

கரண்டும் மழையும்

மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் கரண்ட் போகும். அது அறிவித்து வருவது. அறிவிக்காமல் வருவது கோடை மழைக் காற்று. பாக்ஸ் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால், இன்டர்நெட் ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் அதற்கும் பொருந்தும். அடாப்டரில் எழுதிய ஆம்பியருக்குக் குறையாமல், பின் அளவும் துருவமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கரண்ட் வந்த பிறகு பாக்ஸ் டைமரை நினைவில் வைத்திருக்கிறதா என்பதை இப்போதே சோதிக்கலாம்: பத்து நிமிடம் கழித்து ஓடும்படி ஒரு டைமர் வைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுச் செருகுங்கள்.

ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், கிட்டத்தட்ட 67 பாகை உயரத்தில். இவ்வளவு உயரம் என்பதால் தூரத்து மலை மறைக்காது, பக்கத்துத் தென்னை மறைக்கும். டிஷ்ஷை விட 10 மீட்டர் உயர்ந்த மரம் தென்கிழக்கில் 4 மீட்டருக்குள் இருந்தால் தொல்லை. மட்டை அசையும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும், பதிவிலும் அப்படியே நிற்கும். அடைமழையில் சிக்னல் போவதைத் தடுக்க முடியாது. தூறலுக்கே போனால் எல்என்பி வாய் மூடி விரிசலா, உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறதா, திருகு முனையில் தண்ணீர் இறங்கி ஒயர் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாக்ஸ் மேல் பூப்போட்ட துணி உறை போடாதீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மூன்று மணி நேரம் பதியும் பாக்ஸ் மூச்சுத் திணறி நடுவில் நின்றுபோகும்.

இடிக்கு ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கி, டிஷ் ஒயரையும் திருகிக் கழற்றி எடுங்கள். பதிந்துகொண்டிருந்தால் முதலில் 'ஸ்டாப்' அழுத்துங்கள். எழுதும் நடுவில் பிடுங்கினால் கோப்பு 0 கேபி என்று காட்டும். அன்றைய எபிசோடு போனது போனதுதான். அட்டவணையில் மறுநாள் மறு ஒளிபரப்பு இருக்கிறதா என்று பார்த்து அதற்கொரு டைமர் வைத்துவிடுங்கள்.