விலை உயர்ந்த சார்ஜரும் கேபிளும்: எதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்?

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரே கடையில், ஒரே கம்பியில், 300 ரூபாய் கேபிளும் 2,000 ரூபாய் கேபிளும் அருகருகே தொங்குவதைப் பார்க்கலாம். எதை எடுப்பது என்று குழம்பும்போது, அந்தக் கேபிளின் வழியே போவது மின்சாரமா, வெறும் தகவலா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போகும் பொருளுக்குத் தரம் பார்த்துக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். தகவல் மட்டும் போகும் பொருளுக்குப் பெரும்பாலும் அது வீண் செலவு.

டிவிக்கும் செட் டாப் பாக்ஸுக்கும் இடையிலான எச்டிஎம்ஐ கேபிளில் செல்வது டிஜிட்டல் சிக்னல். அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும். சேராவிட்டால் திரையில் புள்ளி தெறிக்கும், படம் விட்டுவிட்டு வரும். விலை கூடியதால் நிறம் கூடுவது என்பது கிடையாது. கேபிள் முனையில் பூசும் தங்க முலாம் துருப்பிடிக்காமல் காக்குமே தவிர, படத்தைத் தெளிவாக்காது. நான் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கிய கேபிளைக் கழற்றிவிட்டு, மைத்துனர் 350 ரூபாய்க்கு வாங்கிய கேபிளை அதே டிவியில் மாட்டி, அதே கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்தோம். புல்லின் பச்சையில்கூட வேறுபாடு தெரியவில்லை. 120 ஃப்ரேம் வேகத்தில் 4கே வீடியோ கேம் ஆடுகிறவர்கள் மட்டும், நொடிக்கு 48 கிகாபிட் கடத்தும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ சான்று முத்திரை உறையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சார்ஜர் விஷயம் முற்றிலும் வேறு. சுவரில் வரும் 230 வோல்ட்டையும் நம் கையில் இருக்கும் போனையும் பிரித்து வைப்பது அந்தச் சிறு பெட்டிக்குள் இருக்கும் மின்காப்புதான். போலி சார்ஜர்களில் அந்த இரு பக்கங்களுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியையே குறைத்துவிடுகிறார்கள். குழந்தைகள் சார்ஜில் இருக்கும் போனைத் தொடுகிற வீட்டில் இதில் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கவே வேண்டாம். சார்ஜரைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘9 வோல்ட், 2.22 ஆம்பியர்’ என்றிருந்தால், இரண்டையும் பெருக்க ஏறக்குறைய 20 வாட் வரும். உறையில் 65 வாட் என்று போட்டிருந்து, பெருக்கினால் எந்த வரியிலும் அந்த எண் வராவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். பிறகு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரையோடு ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணைத் தேடி, பிஐஎஸ் கேர் செயலியில் அதை இட்டு, அதே நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

லேப்டாப்புக்கு டைப்-சி கேபிள் வாங்கும்போதும் வாட் எண்ணைக் கவனியுங்கள். 60 வாட்டுக்கு மேல் கடத்தும் கேபிளுக்குள் அடையாளச் சிப் ஒன்று இருந்தாக வேண்டும். அதற்கான கூடுதல் விலை நியாயமானதே. பவர் பேங்கில் 10,000 என்று பெரிதாகப் போட்டிருப்பது உள்ளிருக்கும் பேட்டரியின் அளவு. போனுக்கு ஏறக்குறைய 6,000 மில்லியாம்பியர்-மணிதான் போய்ச் சேரும்.

போனுக்கு விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 70,000 ரூபாய் போனை ஏழு ஆண்டு வைத்திருந்தாலும், 20,000 ரூபாய் போனை இரண்டே ஆண்டில் மாற்றினாலும் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். 2023இல் வந்த பிக்சல் 8, 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டிருப்பதால் இந்தக் கணக்கு செல்லுபடியாகும். ஆனால் பேட்டரி அத்தனை ஆண்டு தாங்காது; நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இன்னும் விரைவாகத் தளரும். ஆகவே பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் மதுரையிலேயே இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன், திருமங்கலத்திலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவருக்குப் பயன்படும். என்ஜினின் சீரான உறுமலை அது நன்றாகக் குறைக்கும். திடீர் ஹாரனை அவ்வளவாகக் குறைக்காது. வீட்டில் மட்டும் பாட்டுக் கேட்கிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எதை வாங்கினாலும் சீரியல் எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். ‘பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி தனி’ என்று கடைக்காரர் சொன்னால், உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம் என்ற வரியைக் காட்டி, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.