டாஷ்போர்டுக்குள்ளேயே ஏபிஐ சர்வர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயந்திரத்தின் நிலையைக் காட்டும் கண்காணிப்பு டாஷ்போர்டு எழுதும் பலர் அப்ளிகேஷனுக்குள்ளேயே சின்னதாக ஒரு ஏபிஐ சர்வரை (கேட்டால் தரவைப் பதிலாகத் தரும் பகுதி) வைத்துவிடுகிறார்கள். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், ஒரே ப்ராசஸில் (ஓடும் நிரலில்) வேலை முடிந்துவிடும். நல்ல வழிதான். ஆனால் அந்த ப்ராசஸ் இப்போது இரண்டு வேலை பார்க்கிறது: அளக்கிறது, அளந்ததைக் கேட்பவருக்குக் கொடுக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் தொல்லைதான்.

அதிகம் பார்க்கும் தவறு, ஹேண்ட்லருக்குள்ளேயே, அதாவது கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷனுக்குள்ளேயே, அளப்பது. கோரிக்கை வந்ததும் சிபியு, டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் படித்து ஜேசன் என்ற உரை வடிவமாக்கி அனுப்பும் கோடு. ஒருவர் பார்க்கும்போது குறையே தெரியாது. 20 டேப்கள் 2 விநாடிக்கு ஒருமுறை கேட்டால், விநாடிக்கு 10 முறை அளக்கிறீர்கள். எல்லோரும் டாஷ்போர்டைத் திறப்பது இயந்திரம் திணறும் நாளில்தான். அன்று டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றால் ஹேண்ட்லரும் நிற்கும், திரை வெள்ளையாகக் கிடக்கும். எந்த நாளுக்காக அதை எழுதினோமோ அந்த நாளில் உதவாத டாஷ்போர்டு எதற்கு?

எண்களும் பிசகும். பைத்தானில் பிஎஸ்யூடில் நூலகம் சிபியு சதவீதத்தை, இடைவெளி எதுவும் கொடுக்காதபோது, முந்தைய அழைப்பிலிருந்து இந்த அழைப்பு வரையிலான காலத்துக்குக் கணக்கிடுகிறது. முதல் அழைப்பில் வரும் 0.0 அர்த்தமற்றது. அழைப்புகளுக்கு நடுவே குறைந்தது 0.1 விநாடியாவது வேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. கோரிக்கைகள் வரும் வேகத்தில் அதை அழைத்தால் கிராஃப் காரணமில்லாமல் குதிக்கும். இல்லாத பிரச்சினையைத் தேடி ஒருவர் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்.

பின்னணியில் ஒரே ஒரு த்ரெட் (ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை) குறிப்பிட்ட இடைவெளியில் அளக்கட்டும். கடைசி அளவு நினைவகத்தில் இருக்கட்டும், ஹேண்ட்லர் அதை எடுத்துக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு புலமாகத் திருத்தாமல், எல்லா அளவுகளும் அடங்கிய புதிய ஸ்னாப்ஷாட்டை முழுதாகத் தயாரித்து ஒரே மாற்றில் பழையதன் இடத்தில் வையுங்கள். அளந்த நேரத்தையும் கூடவே அனுப்புங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. அளக்கும் த்ரெட் செத்துப்போனாலும் சர்வர் 200 (எல்லாம் சரி) என்று பதில் தந்துகொண்டே இருக்கும், திரையில் பழைய 34 சதவீதம் அப்படியே நிற்கும். பார்ப்பவர் எல்லாம் நலம் என்று நம்பிவிடுவார். அளந்த நேரம் கையில் இருந்தால், மூன்று சுற்று தவறியதும் டாஷ்போர்டு அந்த எண்ணை மங்கலாக்கிவிடலாம். சர்வர் நலமா என்று கேட்பதற்கான ஹெல்த் பாதையும் அதே நேரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பைத்தானின் ஃபிளாஸ்க் வெப் ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கோடு மாறியதும் சர்வரை மறுபடி தொடங்கும் டெவலப்மென்ட் ரீலோடர், கோடை இரண்டு ப்ராசஸ்களில் ஓட்டுகிறது, அதனால் அளக்கும் த்ரெட்டும் இரண்டாகிவிடும். பைத்தான் அப்ளிகேஷன்களை ஓட்டும் குனிகார்ன் சர்வரில் நான்கு வொர்க்கர் (தனித்தனி ப்ராசஸ்) வைத்தால் நான்கு தனித்தனி நினைவகங்கள், கோரிக்கைக்குக் கோரிக்கை வேறு வேறு எண். உள்ளே வைத்த சர்வருக்கு ஒரே வொர்க்கரும் சில த்ரெட்களும் போதும்.

அடுத்தது பாதுகாப்பு. சர்வரை 0.0.0.0-இல், அதாவது இயந்திரத்தின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும், பைண்ட் செய்தால் நெட்வொர்க்கில் எட்டக்கூடிய எவரும் உங்கள் ப்ராசஸ் பட்டியலைப் படிக்கலாம். இயல்பாக 127.0.0.1 (அதே இயந்திரத்திலிருந்து மட்டும் எட்டும் லோக்கல்ஹோஸ்ட் முகவரி) இருக்கட்டும். கண்டெய்னருக்குள் (டாக்கர் போன்றவை தரும் தனித்த சூழல்) மட்டும் இது மாறும்: அங்கே 127.0.0.1 என்பது கண்டெய்னரையே குறிக்கும் என்பதால் உள்ளே 0.0.0.0 வைத்து, வெளியே போர்ட்டைத் திறக்கும்போது 127.0.0.1-ஐச் சேர்த்து எழுத வேண்டும்.

சரி, லோக்கல்ஹோஸ்ட் என்றால் பயமில்லையா? இருக்கிறது. அதே பிரவுசரில் திறந்திருக்கும் வேறொரு தளம் 127.0.0.1-க்குக் கோரிக்கை அனுப்ப முயலலாம். வேறு தளங்களுக்கு இடையிலான கோரிக்கைகளுக்கு பிரவுசர் வைத்திருக்கும் கார்ஸ் விதி பதிலைப் படிப்பதைத்தான் தடுக்கிறது, தரவு அனுப்பும் சாதாரண போஸ்ட் கோரிக்கை சர்வரை வந்தடைவதை அது தடுப்பதில்லை. ப்ராசஸை நிறுத்துவது, சர்வீஸை மீண்டும் தொடங்குவது போன்ற பாதைகளுக்கு டோக்கன் (ரகசியச் சரம்) கட்டாயம், படிப்பதற்கான கெட் கோரிக்கையில் அவற்றை வைக்கவே கூடாது. வெளித்தளம் தன் பெயரை 127.0.0.1-க்குத் திருப்பிவிடும் டிஎன்எஸ் ரீபைண்டிங்கைத் தடுக்க, கோரிக்கையில் வரும் ஹோஸ்ட் ஹெடரையும் சரிபாருங்கள். கார்ஸில் நட்சத்திரக் குறி (எல்லாத் தளங்களுக்கும் அனுமதி) போடுவது இந்தச் சுவரில் நாமே ஓட்டை போடுவது.

ஜேசனில் நேன் (NaN, எண் அல்ல) என்ற மதிப்புக்கு இடமில்லை. பைத்தானோ கேட்காமலே அதை எழுதிவிடும், பிரவுசர் முழுப் பதிலையும் நிராகரிக்கும். ஒரு சென்சார் கெட்டால் மொத்தப் பக்கமும் போய்விடும், அதனால் அந்த இடத்தில் நல் (null, மதிப்பு இல்லை) அனுப்புங்கள். 9007199254740991-ஐத் தாண்டும் முழு எண்களை ஜாவாஸ்கிரிப்ட் துல்லியமாக வைத்திருக்காது, பெரிய கவுண்டர்களைச் சரமாக அனுப்புவது நல்லது. தேதி 1970 என்று காட்டினால், ஜாவாஸ்கிரிப்ட் மில்லிவிநாடி கேட்கும் இடத்தில் நீங்கள் விநாடி கொடுத்திருக்கிறீர்கள்.

அப்புறம் வரலாறு. விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் ஒரு நாளைக்கு 86,400. லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டே போகாமல் ரிங் பஃபர் (நிறைந்ததும் பழையதன் மேல் எழுதும் பட்டியல்) வையுங்கள். கோ மொழியின் எச்டிடிபி சர்வரில் இயல்பாக டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) கிடையாது, நீங்களே கொடுக்க வேண்டும். போர்ட் ஏற்கெனவே வேறு யாரிடமாவது இருந்தால் எந்தப் போர்ட் என்பதைச் சொல்லி, பிழைக் குறியீட்டோடு உடனே வெளியேறுங்கள். அமைதியாக அடுத்த போர்ட்டுக்குத் தாவினால், டாஷ்போர்டு பழைய ப்ராசஸோடு பேசிக்கொண்டிருக்கும்.