முதலாம் ஆண்டில் கூச்சப்படும் மாணவர்கள் செய்யக்கூடாதவை

பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வகம். கம்பியில் ஒரு வட்டத் தட்டு தொங்குகிறது, அதன்மேல் இரண்டு சம எடைகள். எடைகளை விளிம்புப் பக்கம் தள்ளிவைத்து, பத்து அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் எடுத்துவிட்டான் அந்தப் பையன். ரீடிங் எல்லாம் சரி. "எடையைத் தள்ளிவைத்ததும் நேரம் ஏன் கூடுகிறது?" என்று கேட்டேன். பதில் இல்லை. அப்சர்வேஷன் நோட்டின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றான். "தமிழில் சொல்லுப்பா" என்றதும், "நிலைமத் திருப்புத்திறன் அதிகமாகுது சார்" என்று ஒரே மூச்சில் சொன்னான். பிளஸ் ஒன்னில் தமிழ்வழியில் படித்தது. ஆங்கிலத்தில் "மொமென்ட் ஆஃப் இனர்ஷியா" என்ற சொல் நாக்குக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நானும் தமிழ்வழியில் படித்து வந்தவன். அதனால் கேட்கத் தோன்றியது. எல்லா ஆசிரியருக்கும் தோன்றும் என்று சொல்ல முடியாது. பேசாமல் நிற்கும் மாணவனுக்கு விடை தெரியுமா, தெரியாதா என்பது மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் செய்யும் முதல் தவறு இது: நமக்குத் தெரியும் என்பது எதிரில் இருப்பவருக்கும் புரிந்திருக்கும் என்று நினைத்துவிடுவது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் ஆய்வகப் பாடத்துக்கு 100இல் 60 மதிப்பெண் அகமதிப்பீடு. வாராவாரம் வைவாவில், அதாவது ஆய்வகத்தில் கேட்கும் வாய்மொழிக் கேள்விகளில், வாய் திறக்காமல் இருந்தால் அடி அங்கேதான் விழும். "தமிழில் சொல்லலாமா சார்?" என்று கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. அந்த ஒரு கேள்வியே பாதி பயத்தைப் போக்கிவிடும்.

இன்னொரு தவறு, "கல்லூரிக்குப் போனதும் ஆளே மாறிவிடணும்" என்று கிளம்புவது. முதல் வாரமே நாற்பது பேரிடம் கலகலப்பாகப் பேச முயன்று, மூன்றாம் நாள் சோர்ந்துபோய், அப்புறம் யாரிடமும் பேசாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். கூட்டத்தில் பேச வராவிட்டால் பரவாயில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் தனியாகப் பேச வரும் அல்லவா? அது போதும். லேப் பார்ட்னர், மெஸ் வரிசையில் முன்னால் நிற்பவர், ஒரே பஸ்ஸில் வருபவர் என்று ஒரு சமயத்தில் ஒரே ஆள். என்ன பேசுவது என்று தவிக்க வேண்டாம். "நேத்து மேத்ஸ் நோட்ஸ் எழுதினீங்களா?" என்பதிலிருந்து வளர்ந்த நட்புகள் எத்தனையோ. வகுப்பு வாட்ஸாப் குழுவில் இருப்பதை மட்டும் பழக்கம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அங்கே வருஷம் முழுக்க மற்றவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டே இருந்துவிடலாம்.

விடுதி மாணவர்கள் வெள்ளிக்கிழமை மாலையானால் ஊருக்குப் பஸ் ஏறுவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அம்மா சமையலும் வீட்டு ஞாபகமும் இழுக்கும், புரிகிறது. ஆனால் விடுதியில் பழக்கம் உண்டாவது சனி, ஞாயிறுகளில்தான். துணி துவைக்கும் இடத்திலும், ஒரே போனில் நாலு பேர் கிரிக்கெட் பார்க்கும்போதும்தான் ஒருவரையொருவர் தெரிந்துகொள்கிறார்கள். முதல் இரண்டு மாதம் ஒன்றுவிட்டு ஒரு வாரமாவது விடுதியில் தங்கிப் பாருங்கள்.

செமினார் என்றால் அன்றைக்கு லீவு போடுவதும் வேண்டாம். வருகைப்பதிவு 75 சதவீதம் இருந்தால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியும். தப்பித்த செமினாரும் அடுத்த வாரம் திரும்ப வரும்.

கூச்சத்தால் பணம் இழப்பவர்களும் உண்டு. இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு மிகவும் கஷ்டப்படும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு, அதில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. இதற்கெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஜன்னலருகே கூட்டமாக இருக்கிறது, கிளார்க் சத்தமாகப் பேசுகிறார் என்று திரும்பி வந்துவிடாதீர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், விண்ணப்பிக்க வேண்டிய இன்னொருவரோடு சேர்ந்து போங்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

சில விஷயங்களைச் சகித்துக்கொள்ளவே கூடாது. சீனியர் யாராவது மிரட்டினால், "சொன்னால் இன்னும் பெரிசாகிவிடும்" என்று அமைதியாக இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1997இலேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. 1800-180-5522 என்ற எண்ணில் எந்த நேரமும் புகார் செய்யலாம். அதேபோல, வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதைக் கூச்சம் என்று ஒதுக்க வேண்டாம். 14416 டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். வீட்டிலும் சொல்லுங்கள்.

கடைசியாக, ஸ்டாஃப் ரூம். வாசல்வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். வகுப்பு முடிந்த உடனே ஆசிரியர் அடுத்த வகுப்புக்கு ஓடுவார், அப்போது கேட்டால் பாதிப் பதில்தான் வரும். மதிய இடைவேளை முடிகிற நேரமோ, கடைசி மணி அடித்த பிறகோ நல்லது. நோட்டில் அந்தப் பக்கத்தை முன்னமே திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள். "எனக்கு ஒண்ணுமே புரியல சார்" என்று ஆரம்பித்தால் உங்களுக்கே அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் போகும். "சார், இந்த மூணாவது ஸ்டெப் வரைக்கும் வருது, அதுக்கு மேல போகல" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.