கோவையில் 28,000, ஸ்ரீபெரும்புதூரில் 40,000: சி.என்.சி. வேலைச் சம்பளங்களை எப்படி ஒப்பிடுவது

இரண்டு ஆஃபர் லெட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். அந்த எண் பெரும்பாலும் சி.டி.சி. உங்கள் பேரில் நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை அது, உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவது வேறு. கோயம்புத்தூரில் சொந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வி.எம்.சி. என்கிற, கணினிக் கட்டளையில் உலோகத்தை வெட்டும் சி.என்.சி. மெஷினைத் தயார்செய்து கொடுக்கும் ஒரு செட்டருக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பிடித்தங்களின் விகிதங்கள் உண்மையானவை, மற்ற தொகைகள் உதாரணத்துக்கு.

முதல் வேலை, கையில் வரும் பணத்தைப் பிரித்தெடுப்பது. புது வேலையின் சி.டி.சி. மாதம் 40,000, அதாவது ஆண்டுக்கு 4,80,000. அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து மாதம் 20,000. நிறுவனத்தின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு இதில் 12 சதவீதம், ஆண்டுக்கு 28,800. கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) 4.81 சதவீதம், 11,544. குழு மருத்துவக் காப்பீடு 6,000. வேரியபிள் பே, அதாவது கூடிக் குறையும் பகுதி, 36,000. இவ்வளவையும் கழித்தால் மாதம் 33,138 நிற்கிறது. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 2,400 போகும். தொழில் வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படுகிறது. அதிகபட்சமான 1,250 ரூபாயை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 208. ஆகக் கையில் வருவது ஏறக்குறைய 30,500. வருமான வரி இந்த அளவில் இல்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 75,000 நிலையான கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளக்காரர் வரி கட்ட வேண்டியதில்லை.

கோவை வேலையின் சி.டி.சி. 28,000. அங்கே பி.எஃப்.பை 15,000 ரூபாய் உச்சவரம்பின் மீது மட்டும் பிடிக்கிறார்கள். நிறுவனம் 1,800, நீங்கள் 1,800. தொழில் வரியும் போகக் கையில் சுமார் 24,200. பன்னிரண்டாயிரமாகத் தெரிந்த இடைவெளி இப்போதே 6,300 ஆகிவிட்டது.

வேரியபிள் பேயை மாதச் சம்பளத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று எச்.ஆரிடம் கேட்பதைவிட அதே ஷாப் ஃப்ளோரில் நிற்கும் ஒருவரிடம் கேட்பது மேல். தீபாவளி போனஸ் தனியாகவா, சி.டி.சி.க்கு உள்ளேயா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

சம்பளம் இன்னும் குறைவாக உள்ளவர்கள் ஒரு இடத்தில் சறுக்குவார்கள். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு மாதம் 21,000 சம்பளம் வரைக்கும்தான். 20,500 வாங்குபவர் 0.75 சதவீதம், அதாவது 154 ரூபாய் கட்டிக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் பெறுகிறார். 21,500 சம்பளத்துக்கு வேறு இடத்தில் சேர்ந்தால் அங்கே அவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. பழைய இடத்திலேயே சம்பளம் ஏறியிருந்தாலாவது அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் கடைசி வரை, தொடரும். ஆயிரம் ரூபாய் உயர்வை வாங்கிக்கொண்டு குடும்பத்துக்குத் தனியாகக் காப்பீடு எடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. இந்த எல்லையில் இருப்பவர்கள் சில நூறு ரூபாய் உயர்வுக்காக மாறுவது நஷ்டம்தான்.

அடுத்தது செலவு. எல்லாச் செலவையும் எழுத வேண்டியதில்லை. இரண்டு வேலையிலும் ஒரே மாதிரி இருக்கும் சீட்டுப் பணம், நகைக்கடன் வட்டி, வண்டித் தவணை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். வேலை மாறினால் எது மாறுமோ அது மட்டும் போதும். கோவையில் பெட்ரோலும் சர்வீஸும் 1,200. ஸ்ரீபெரும்புதூர் வேலைக்குச் சென்னை அம்பத்தூரில் நண்பர்களோடு அறைப் பங்கு 4,500, மெஸ் 4,500, மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போய்வர 1,600, மொத்தம் 10,600. கழித்துப் பார்த்தால் கோவையில் 23,000, அங்கே 19,900. பெரிய சம்பளம் 3,100 ரூபாய் பின்னால் நிற்கிறது.

இந்த இடத்தில் பி.எஃப்.பையும் எடைபோட வேண்டும், அது தொலைந்த பணமில்லை. அங்கே இரண்டு பங்கும் சேர்ந்து 4,800, இங்கே 3,600. நிறுவனப் பங்கில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போவது இரண்டிலும் ஒன்றுதான். ஆக உங்கள் சேமிப்பில் 1,200 அதிகம் சேர்கிறது, பின்னடைவு 1,900 ஆகச் சுருங்குகிறது. வேரியபிள் முழுதாக வந்தால் மாதம் 3,000 கணக்கில் புது வேலை சற்று முந்தும்.

செலவு எண்களை நினைவிலிருந்து எழுதினால் தப்பாகத்தான் வரும். மூன்று மாத வங்கி அறிக்கையையும் ஜிபே, ஃபோன்பே பட்டியலையும் இறக்கி, 200 ரூபாய்க்குக் கீழே உள்ளவற்றைத் தனியாகக் கூட்டுங்கள். நினைத்ததைவிட அதிகம் வருவது அங்கேதான். 15 ரூபாய் டீ நாளுக்கு மூன்று என்றால் 26 நாளில் 1,170. ஆண்டுக்கொரு முறை வருகிற பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளித் துணிமணி, குலதெய்வக் கோயில் செலவு எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். கல்யாணமாகாத நண்பரின் மிச்சத்தோடு இரண்டு பிள்ளை பெற்றவர் தன் மிச்சத்தை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

நேரத்துக்கும் விலை போடுங்கள். இரண்டிலும் எட்டரை மணி நேர ஷிஃப்ட், மாதம் 26 நாள். கோவையில் போக வர அரை மணி, மாதம் 234 மணி நேரம். அம்பத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து நாளுக்கு மூன்று மணி, மாதம் 299. கையில் வரும் பணத்தை வகுத்தால் மணிக்கு 103 ரூபாய், 102 ரூபாய். ஓவர்டைமைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்பு ஊதியம். 12 மணி நேர ஷிஃப்டை ஒரே தொகையாகப் பேசுகிற இடங்களில் அந்த இரட்டிப்பு உள்ளே அமுங்கிப்போகிறது. அப்படிப்பட்ட சம்பளத்தை எட்டு மணி நேர வேலையோடு நேராக ஒப்பிடவே கூடாது.

இவ்வளவு போட்டும் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வருகிறது. முடிவு எடுக்க வேண்டியது எந்த மெஷினில் நிற்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான்.

ஆபரேட்டர் பீஸை (வெட்ட வேண்டிய உலோகத் துண்டு) மெஷினில் மாட்டிக் கழற்றுவார், அளவு பார்ப்பார், டூல் தேய்மானத்துக்கு ஏற்ப ஆஃப்செட் என்கிற அளவுத் திருத்த எண்ணை மாற்றுவார். செட்டர் பீஸைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரை ஏற்றி, டயல் கேஜ் வைத்து நேர் பார்த்து, ஜி54 பூஜ்ஜியம் (பீஸில் அளவு தொடங்கும் புள்ளி) எடுத்து, டூல் நீளங்களைப் பதிந்து, ஃபர்ஸ்ட் பீஸைத் தரக்கட்டுப்பாட்டில் பாஸ் பண்ணிக் கொடுப்பார். புரோகிராமர் வரைபடத்திலிருந்து டூல் போக வேண்டிய பாதையை எழுதுவார். ஒவ்வொரு படியிலும் சம்பளம் ஏறுவதற்குக் காரணம் மெஷின் சும்மா நிற்கும் நேரம். அதைப் பணமாக்கிக் காட்டலாம்: மெஷினின் ஒரு மணி நேர விலை 500 ரூபாய், ஒரு செட்டிங்குக்கு மூன்று மணி நேரம் ஆனதை ஒன்றரையாகக் குறைக்கிறீர்கள், வாரம் நான்கு செட்டிங். வாரம் ஆறு மணி நேரம், 3,000 ரூபாய், மாதம் சுமார் 13,000. முழுவதையும் கேட்டால் கிடைக்காது. மூன்றில் ஒரு பங்கைச் சம்பள உயர்வாகக் கேட்பது நியாயமான ஆரம்பம். ஒரு நிபந்தனை: ஆர்டர் நிறைய இருந்தால்தான் மிச்சமான மணி நேரம் காசாகும். மெஷின் பாதி நாள் சும்மா கிடக்கும் பட்டறையில் உங்கள் வேகத்துக்கு மதிப்பு குறைவு. அங்கே ரிஜெக்ஷனை, அதாவது தேறாத பீஸ்களை, குறைத்த கணக்கைச் சொல்லுங்கள்.

இதற்காக ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மெஷின், மெஷினை இயக்கும் கன்ட்ரோல் ஃபேனக்கா சீமென்ஸா, செட்டிங் நேரம், ரிஜெக்ஷன் எண்ணிக்கை. கம்பெனி வரைபடத்தையோ புரோகிராமையோ நகல் எடுக்காதீர்கள், வேலையோடு பெயரும் போகும்.

எல்லாத் திறமையும் வெளியே விலைபோகாது. ஒரு நிறுவனம் தனக்கென்று செய்துகொண்ட ஸ்பெஷல் பர்பஸ் மெஷினில் பத்தாண்டு நின்றவரின் அறிவு அந்தக் கேட்டுக்குள் மட்டும்தான் செல்லும். சில திறமைகள் கைவிட்டால் காலாவதியாகும். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி தகுதி பெற்ற வெல்டர் ஆறு மாதம் அந்த வெல்டிங் முறையைத் தொடாவிட்டால் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். எனவே ஸ்ரீபெரும்புதூரில் ஐந்து அச்சு (ஆக்சிஸ்) மெஷினிலும், புரோகிராம் எழுத உதவும் கேம் (CAM) மென்பொருளிலும் கை வைக்கவிடுவார்கள் என்றால் மாதம் 1,900 குறைந்தாலும் போகலாம். அதே மூன்று அச்சு வி.எம்.சி.தான் என்றால் கோவையிலேயே இருப்பது மேல். வாய்ப் பேச்சில் "கத்துக் குடுப்போம்" என்பதை நம்ப வேண்டாம். எந்தப் பிரிவு, எந்த மெஷின் என்று கேட்டு, முடிந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால் மாதச் சம்பளப் பிரிப்பை எழுத்தில் வாங்குங்கள். டிரெயினிங் பாண்ட் உண்டா, நோட்டீஸ் காலம் எத்தனை நாள், ஜாயினிங் போனஸ் கொடுத்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று பாருங்கள். சான்றிதழ்களின் அசலைக் கேட்டால் கொடுக்காதீர்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) எண்ணில் புது வேலைக்கு மாற்றுங்கள். மொத்தம் ஐந்தாண்டு சேவை முடியாமல் 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பான் கொடுத்திருந்தாலும் பொதுவாக 10 சதவீதம் வரி பிடிப்பார்கள்.