பல் வலிக்கும் பூனைக்கு எந்த உணவு? முதல்முறை தேர்ந்தெடுப்பவர்களுக்கு

எங்கள் வீட்டுப் பூனை சிட்டுவுக்கு அப்போது 11 வயது. ஒரு காலை, கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசி இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஒரு உருண்டையைக் கவ்வினாள், தலையை இடப்பக்கம் சாய்த்தாள், உருண்டை 'டொக்' என்று தரையில் விழுந்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் விழுந்தது. கிண்ணத்தைப் பார்த்து ஒரு சீறல் சீறிவிட்டு நகர்ந்து போய்விட்டாள். சுவை சலித்துவிட்டது போல என்று நினைத்து வேறு ட்ரை ஃபுட் வாங்கி வைத்தேன். அதனால் ஒரு வாரம் வீணானது. அந்த ஒரு வாரமும் அவள் வலியோடு இருந்திருக்கிறாள் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் அந்த ஒரு வாரத்தை வீணாக்கக் கூடாது, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

பூனை வலியை மறைக்கும். முனகாது, அழாது. ஆனால் சாப்பிடும் விதம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கவனிக்க வேண்டியவை: ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லுதல், வாயில் எடுத்ததைக் கீழே போடுதல், மெல்லாமல் முழுதாக விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அப்படியே வாந்தி எடுத்தல், எச்சில் ஒழுகுதல், முன்காலால் வாயைத் தேய்த்தல், தாடை வெடவெடவென்று நடுங்குதல். வாய் நாற்றமும் ஒரு அடையாளம்தான். 'பூனை வாய் என்றால் அப்படித்தான் நாறும்' என்று விட்டுவிடாதீர்கள், நல்ல வாய் அப்படி நாறாது. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது குறைந்து ரோமம் கலைந்து கிடந்தால் அதற்கும் வாய்வலி காரணமாக இருக்கலாம்.

இரண்டு நாள் குறித்து வைத்தால் போதும். என்ன கொடுத்தீர்கள், எதை நக்கியது, எதை விட்டது என்ற குறிப்பு மருத்துவருக்கும் உதவும், உணவு வாங்கும்போது உங்களுக்கும் உதவும்.

ஆனால் பூனை 24 மணி நேரமாக எதையுமே தொடவில்லை என்றால் குறிப்பெழுதிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். குண்டாக இருக்கும் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வலிக்குதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதில் ஒரு துண்டு கூடப் பூனையைக் கொன்றுவிடும்.

படி 2: வாயில் என்ன பிரச்சினை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

உணவு பல்லைக் குணப்படுத்தாது. சிகிச்சை நடக்கும் வரையிலும், நடந்து முடிந்து ஆறும் வரையிலும் பூனை வலியில்லாமல் வயிறு நிரம்பச் சாப்பிட வழி செய்வதுதான் உணவின் வேலை. எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வளர்ந்த பூனைக்கு 30 பல். அதிகம் பார்ப்பது ஈறு வீக்கமும் பற்காரையும்தான். பல்லில் படியும் மெல்லிய படலம் சில நாட்களிலேயே கெட்டிப்பட்டுக் காரையாகிவிடும். இன்னொன்று பல் கரைவது: உடம்பே தன் பல்லை அரிக்கத் தொடங்கும். ஈறு ஓரத்தில் சிவப்பாகச் சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் கெட்டியான எதுவும் அங்கே பட்டால் தாங்க முடியாத வலி. சிட்டுவுக்கு இருந்தது இதுதான், எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. மூன்றாவது, வாய் முழுக்கப் புண்ணாகிச் சிவந்துபோகும் அழற்சி. இதில் நாக்கு அசைந்தாலே வலிக்கும் என்பதால் கெட்டியான விழுதைக்கூட நக்க முடியாது, இளகிய உணவுதான் வேண்டும்.

படி 3: பதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிராண்டு, சுவை எல்லாம் அப்புறம். முதலில் பதம்.

பூனையின் தாடை மேலும் கீழும்தான் அசையும். நம்மைப் போலப் பக்கவாட்டில் அரைக்க அதனால் முடியாது. கடைவாய்ப்பல் கத்திரிக்கோல் மாதிரி வெட்டும், வெட்டியதை விழுங்கிவிடும், அவ்வளவுதான். அதனால் பல் வலிக்கும் பூனைக்கு ஏற்ற உணவு என்றால் 'கொஞ்சம் மென்மையானது' என்று அர்த்தமில்லை. வெட்டவே தேவையில்லாத உணவு என்று அர்த்தம்.

கடையில் கிடைக்கும் ஈர உணவில் மூன்று வகை இருக்கும். பேட்டே என்று விழுதாக வருவது, மூஸ் என்று இன்னும் இளகி வருவது, கிரேவியில் துண்டுகளாக மிதப்பது. புதியவர்கள் பெரும்பாலும் கிரேவியைத்தான் எடுப்பார்கள், பார்க்க மென்மையாகத் தெரியும். ஆனால் வலியுள்ள பூனை கிரேவியை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவிடும். தட்டு ஈரமாக, துண்டுகள் பளபளவென்று கிடந்தால் பூனை சாப்பிட்டதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கொஞ்சம் உணவை எடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல அழுத்துங்கள். வாழைப்பழம் மாதிரி வழுக்கிக் குழைந்தால் சரி. நாராகப் பிரிந்தாலோ, உள்ளே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ முள்கரண்டியால் மசித்து, வெந்நீர் விட்டுக் குழைத்துத்தான் வைக்க வேண்டும். விழுது வகையும் சில சமயம் டின்னிலிருந்து கெட்டியாக வரும், அதையும் அப்படியே தளர்த்திக்கொள்ளலாம்.

ட்ரை ஃபுட்டைத் தவிர எதையும் தொடாத பூனைகள் உண்டு. அதையே ஊறவையுங்கள். உருண்டை எவ்வளவோ அதே அளவு வெதுவெதுப்பான நீர், 15 முதல் 20 நிமிடம். நடுவில் வெள்ளையாகக் கெட்டி இல்லாமல் ஊறியிருக்கிறதா என்று ஒன்றை நசுக்கிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் மசியுங்கள். ஊறியது சீக்கிரம் கெடும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம்.

படி 4: லேபிளைப் படியுங்கள்

மென்மையாக இருப்பதெல்லாம் முழு உணவு ஆகிவிடாது. லேபிளில் 'கம்ப்ளீட்' என்று இருந்தால் அதை மட்டுமே கொடுத்து வளர்க்கலாம். 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது துணை உணவுதான். பிழிந்து நக்கக் கொடுக்கும் டியூபுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. பூனை அதை ஆசையாக நக்கும், ஆனால் அதிலேயே நாட்களை ஓட்டக்கூடாது.

பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் உணவிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும். நாளாவட்டத்தில் அது குறைந்தால் இதயத் தசை தளரும், பார்வையும் போகும். நாய் உணவையோ வெறும் வேகவைத்த கோழியையோ மட்டும் தொடர்ந்து கொடுக்கக்கூடாது என்பது இதனால்தான். எலும்பில்லாத கோழியை வேகவைத்து அரைத்து ஓரிரு நாள் பசியைத் தூண்டக் கொடுக்கலாம். அதில் வெங்காயம், பூண்டு சேரவே கூடாது, இரண்டும் பூனையின் ரத்த சிவப்பணுக்களை அழிக்கும். வயதான பூனை என்றால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அதற்கான சிறப்பு உணவுகள் பலவும் ஈர வகையிலும் கிடைக்கின்றன.

'பல் உணவு' என்று விற்கிறார்களே?

அது வேறு விஷயம். சாதாரண ட்ரை ஃபுட் பல்லைச் சுத்தம் செய்யும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த உருண்டை பல்லின் நுனி பட்டதுமே உடைந்துவிடும், அழுக்கு சேரும் ஈறு ஓரம் வரை போவதே இல்லை. பல்லுக்கென்றே செய்த உணவின் உருண்டை பெரிதாக இருக்கும், பல் உள்ளே இறங்கிய பிறகுதான் உடையும், போகிற போக்கில் துடைத்துக்கொண்டு போகும். கால்நடை வாய்நலத்துக்கான வி.ஓ.எச்.சி. அமைப்பின் முத்திரை இருந்தால், படலத்தையோ காரையையோ குறைக்கிறது என்று சோதித்த பொருள் என்று அர்த்தம். ஆனால் இதெல்லாம் நல்ல வாயை நல்லபடி வைத்துக்கொள்ள. வலிக்கும் வாய்க்கு இதைக் கொடுப்பது கொடுமை.

படி 5: அளவைக் கணக்கிடுங்கள்

இங்கேதான் நிறைய பேர் தவறிவிடுகிறார்கள். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். 100 கிராம் ட்ரை ஃபுட்டில் 350 முதல் 400 கலோரி வரை இருக்கும், அதனால் 50, 55 கிராமிலேயே வேலை முடிந்துவிடும். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் 80 முதல் 100 கலோரிதான். அப்படியென்றால் 200 முதல் 250 கிராம் உள்ளே போக வேண்டும். பழைய கிண்ண அளவிலேயே ஈர உணவை வைத்தால் பூனை இளைத்துக்கொண்டே போகும். உங்கள் டின்னில் எத்தனை கலோரி என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

இதை ஒரே வேளையில் வலியுள்ள வாய் தாங்காது. நான்கைந்து வேளையாகப் பிரியுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள்: பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்தால் போதும். 4 கிலோ பூனையில் 100 கிராம் குறைவது, 60 கிலோ மனிதர் ஒன்றரை கிலோ இழப்பதற்குச் சமம். அடுத்த வாரமும் குறைந்தால் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

படி 6: வைக்கும் விதம்

பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. வாசனையை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் வாசனை எழாது, புண்ணான பல்லில் ஜில்லென்று வேறு படும். பவுச்சை ஐந்து நிமிடம் வெந்நீரில் போட்டு வையுங்கள். பூனையின் உடம்புச் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் போதும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள், சுடக்கூடாது. ஆழமான கிண்ணம் வேண்டாம், தட்டையான தட்டில் பரப்பி வையுங்கள். வேறு பூனைகளும் இருந்தால் இதைத் தனி அறையில் உட்காரவைத்து ஊட்டுங்கள், அவசரப்பட்டு விழுங்க வேண்டியிருக்காது.

அது விரும்பிச் சாப்பிடும் ஒரே உணவில் மாத்திரையைப் பொடித்துக் கலக்காதீர்கள். கசப்பு ஒரு முறை தெரிந்தால் அந்த உணவையே வெறுத்துவிடும், உங்கள் கையில் வேறு வழி இருக்காது. எந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பல் பிடுங்கிய பிறகு

சிட்டுவுக்கு நான்கு பல் எடுத்தார்கள். தையல் ஆற இரண்டு வாரம் இளகிய உணவு மட்டும் என்றார் மருத்துவர். பல்லே இல்லாமல் என்ன சாப்பிடப் போகிறது என்று பயப்பட வேண்டாம். எல்லாப் பல்லையும் எடுத்த பூனைகள்கூட ஆறிய பிறகு நன்றாகவே சாப்பிடுகின்றன, சில பூனைகள் ட்ரை ஃபுட்டுக்கே திரும்பிவிடும். வலித்த பல் போனதுதான் காரணம்.

வேறு உணவுக்கு மாறுவதாக இருந்தால் ஆறிய பிறகு மாற்றுங்கள், 7 முதல் 10 நாளில். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். சிட்டு மூன்றாவது வாரம் ஒரு இரவு சமையலறையில் மூடாமல் வைத்திருந்த பழைய ட்ரை ஃபுட் பையைக் கண்டுபிடித்தாள். போய்ப் பார்த்தபோது நறநறவென்று சத்தம். தலை எந்தப் பக்கமும் சாயவில்லை.