ரெண்டு ரூபாய் டிரையல், மாதா மாதம் 499

மாதச் சந்தா நமக்குப் புதிது கிடையாது. பேப்பர், கேபிள், ஆவின் அட்டை என்று எல்லா வீட்டிலும் நாலைந்து இருந்தன. ஊருக்குக் கிளம்பும்போது பேப்பர் போடும் பையனிடம் "பத்து நாளைக்கு வேண்டாம்ப்பா" என்றால் போதும், மாதக் கடைசிக் கணக்கில் கழித்துவிடுவார்கள். இன்றைக்கு வரும் எரிச்சலில் பாதி, இந்த ஒரு வரியைச் சொல்ல ஆள் இல்லாததால்தான். சேரும்போது விலையைப் பார்க்கிறோம். வெளியே வரும் வழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அம்மா தன் போனில் ஜாதகம் பார்க்கும் ஆப் ஒன்றைப் போட்டார். ஏழு நாள் டிரையல், வெறும் 2 ரூபாய். ரெண்டு ரூபாய்தானே என்று யு.பி.ஐ. பின்னை அழுத்திவிட்டார். அந்தத் திரையில் 2 என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, வெளிறிய சாம்பல் நிறத்தில், "499 வரை, மாதந்தோறும்". அம்மா பின் போட்டது உண்மையில் இந்த இரண்டாவது வரிக்கு. இதைத்தான் மேண்டேட் என்கிறார்கள். ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய்க்குள் இருக்கும் தவணைகளுக்குப் பின்னோ ஓ.டி.பி.யோ மறுபடி கேட்க வேண்டியதில்லை. ஆகவே பின் போடும் முன் தேட வேண்டிய சொல் "வரை". அதன் பக்கத்தில் இருக்கும் தொகைதான் விலை.

பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்லியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து கண்டிப்பாக நடைமுறையில் உள்ளது. அம்மாவுக்கும் தகவல் வந்துதான் இருந்தது. லோன் வேண்டுமா, ரீசார்ஜ் முடிகிறது, நகைக்கடைத் தள்ளுபடி என்று வந்து குவிந்த எஸ்.எம்.எஸ்.களுக்கு நடுவே அது திறக்கப்படாமலே கிடந்தது. இரண்டு மாதம் பணம் போன பிறகுதான் பாஸ்புக்கில் கண்ணில் பட்டது.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தவறு. ஆப்பை அழித்துவிட்டு, "முடிந்ததும்மா" என்று போனைக் கையில் கொடுத்தேன். அடுத்த மாதமும் 499 போனது. ஆப்பை அழித்தால் போனில் இடம்தான் காலியாகும், மேண்டேட் வங்கிக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை ரத்து செய்ய, நீங்கள் பணம் அனுப்பும் யு.பி.ஐ. ஆப்பிலேயே 'ஆட்டோபே' என்ற பகுதி இருக்கிறது. பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அதில் 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற இடத்தில் பாருங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். அம்மா போனில் அந்தப் பட்டியலைத் திறந்தபோது இன்னும் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, பி.டி.எஃப். படிக்கும் ஆப். இன்னொன்று, எப்போதோ அவர் போனில் படம் பார்க்க நானே போட்டது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஜிம், பிராட்பேண்ட், வாடகைக்கு எடுத்த ஆர்.ஓ. மெஷின் போன்றவற்றில் மேண்டேட்டை மட்டும் ரத்து செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது. பணம் போகும் குழாயைத்தான் அடைத்திருக்கிறீர்கள், ஒப்பந்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பில்லும் ஏறும். முதலில் நிறுவனத்துக்கு மெயிலில் எழுதி, பதிலை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகு மேண்டேட்டை நிறுத்துங்கள். கணக்கில் பணமே வைக்காமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்பதும் தப்புக் கணக்கு. வங்கி வழியாகக் கொடுத்த தவணை திரும்பினால், அதற்கு வங்கி தனியாக அபராதம் பிடிக்கும்.

ஓ.டி.டி. விஷயத்தில் ஒன்றே ஒன்று: உங்கள் ரீசார்ஜ் பிளானிலோ வைஃபை பிளானிலோ அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தனியாகக் கட்டுங்கள். ஒரே வீட்டில் ஒரே ஓ.டி.டி.க்கு இரண்டு பேர் பணம் கட்டுவது சர்வ சாதாரணம்.

பொருள் வாங்கும்போது இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ கார் நிறுவனம் சில நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாத வாடகை கேட்டது. அதற்கான கம்பியும் கருவியும் வாங்கிய காரிலேயே இருந்தன. மென்பொருளால் பூட்டி வைத்திருந்தார்கள். 2022-ல் இது வெளியே தெரிந்து ஊரே சிரித்தது, அடுத்த வருடமே கைவிட்டார்கள். அதேபோல, மைக்கான சந்தா முடிந்ததும் நிறைய மை மிச்சமிருக்கும் கார்ட்ரிட்ஜே வேலை செய்யாமல் போகும் பிரிண்டர் திட்டம் எச்.பி.க்கு உண்டு. கேமரா, பிரிண்டர், தண்ணீர் மெஷின் எதுவானாலும் கடைக்காரரிடம் கேளுங்கள்: "சந்தா கட்டாவிட்டால் இதில் எதெல்லாம் ஓடும்?" அவர் தலையைச் சொறிந்தால் வேறு மாடல் பாருங்கள்.

பணம் போன பிறகு நேராக வங்கிக்கு ஓடுவதில் பெரிய பலன் இல்லை. பின் போட்டது நீங்கள்தானே என்பார்கள். பிளே ஸ்டோர் வழியாகப் போனது என்றால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே ரீஃபண்ட் கேட்டுப் பார்க்கலாம். மற்றபடி நிறுவனத்துக்கு எழுதுங்கள், மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்த 13 தந்திரங்களில் 'சந்தாப் பொறி'யும் ஒன்று. ரத்து செய்யும் பட்டனை ஒளித்து வைப்பது மட்டுமல்ல, இலவசச் சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் ஒப்புதலைக் கட்டாயமாகக் கேட்பதும் அதில் அடக்கம். புகாரில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

நாங்களும் எழுதினோம். போனது 1,497 ரூபாய், திரும்பி வந்தது 499.