மேசைக்கடியில் ஒன்பது டின்கள்
முதலாம் ஆண்டு முடிவதற்குள் எனக்கு 7 கிலோ ஏறிவிட்டது. விடுதிச் சாப்பாட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேசைக்கடியில் உருண்டு கிடந்த கோலா டின்களை எண்ணினேன்: மூன்று நாளில் ஒன்பது! 330 மில்லி டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை. நாளுக்கே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, இனி யாரைத் திட்டுவது?

டின் இருந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். முதல் வாரம் ஒரே தலைவலி, காஃபின் இல்லாத குறைதான். அதைவிடக் கஷ்டம் தூக்கம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுவதுண்டு. நள்ளிரவில் கை தானாகச் சிப்ஸ் பொட்டலத்தைத் தேடும். பன்னிரண்டுக்குள் படுக்கப் பழகியதும் காலையில் பசித்தது, நெடுநாள் கழித்துக் காலை உணவு சாப்பிட்டேன். ஜிம்முக்குக் கட்டிய பணம் வீண். நான்கு நாள்தான் போனேன். அடுத்த பருவத் தேர்வுக்குள் 4 கிலோ இறங்கியது. மீதி 3 இன்னும் என்னோடுதான்.